கோடு வரைக்கும்தான் ஊத்துனேன் தம்பி

இதை மூணு தடவ டைப் பண்ணி மூணு தடவ அழிச்சுட்டேன். எப்படி ஆரம்பிச்சாலும் ரெண்டாவது பாராவுலயே நான் நல்லவன் ஆயிடறேன். அதனால இந்தத் தடவ நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எங்க அண்ணியை, அவங்கப்பா கண்ணு முன்னாடி, "பொய் சொல்லாதீங்க"ன்னு கத்துனேன். அவங்க சொன்னது பொய் இல்ல. தப்பு மொத்தமும் என்னுது.

எங்க ஊடு புதுச்சத்திரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. ஹைவேல லாரி போற சத்தம் நாள் பூரா கேக்கும், அப்பாவோட பண்ணையில இருந்து கோழி வாசம் நாள் பூரா வரும். கடல் பாக்கணும்னா எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் ஆகும். அப்படிப்பட்ட ஊட்டு ஹால்ல நான் ஒரு கடல் வெச்சிருந்தேன். நாலடிக் கண்ணாடித் தொட்டி, உள்ள உப்புத் தண்ணி, பாறை, உயிரோட இருக்கற பவளம், ரெண்டு ஆரஞ்சு மீனு, ஒரு எறால். கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப யூடியூப் பார்த்து புடிச்ச பைத்தியம். ஊருக்குள்ள செம கெத்து. கல்யாணப் பத்திரிகை குடுக்க வரவங்ககூட பத்திரிகையை அம்மா கைல குடுத்துட்டு தொட்டி முன்னாடி வந்து நின்னுக்குவாங்க. "ஏந்தம்பி, இந்தப் பூவு பிளாஸ்டிக்குங்களா?"ன்னு கேப்பாங்க. "பூவு இல்லீங்க, அது மிருகம்"னு சொல்லிட்டு அவங்க மூஞ்சி மாறுறதைப் பார்க்கறதுதான் என்னோட பொழுதுபோக்கு.

இந்தத் தொட்டிக்கு முக்கியமான வேலைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். ஆவியாப் போற தண்ணிக்கு ஈடா தண்ணி ஊத்தறது. உப்புத் தண்ணி ஆவியானா தண்ணி மட்டும்தான் போவும், உப்பு அங்கியே இருக்கும். ரசம் அடுப்புல சுண்டுனா கரிக்குமில்ல, அதே சங்கதி. அதனால எவ்வளவு கொறைஞ்சுதோ அவ்வளவு உப்பில்லாத ஆர்ஓ தண்ணி ஊத்தணும். கம்மியா ஊத்துனா உப்பு ஏறும். ஜாஸ்தியா ஊத்துனா உப்பு எறங்கும். மீனு எப்படியோ தாக்குப் புடிச்சுக்கும். பவளம் தாங்காது. எங்க ஊரு வெயிலுக்கும் காத்துக்கும் ஒரு நாள் ஊத்தாம உட்டாலே வித்தியாசம் தெரிஞ்சிரும்.

தொட்டிக்குக் கீழ கப்போர்டுக்குள்ள இன்னொரு சின்னத் தொட்டி இருக்குது. கீழ இருக்கற மோட்டாரு தண்ணியை மேல ஏத்திக்கிட்டே இருக்கும், மேல நெறஞ்சது பைப்பு வழியா திரும்பக் கீழ எறங்கிக்கிட்டே இருக்கும். ஆவியாப் போற கொறை எல்லாம் கீழ் தொட்டிலதான் தெரியும். அங்கதான் ஊத்தணும். காலேஜ்ல இருந்த வரைக்கும் தானா ஊத்தற மெஷின் ஒண்ணு வெச்சிருந்தேன், படிப்பு முடிச்சு ஊட்டுக்கு வந்த புதுசுல ஹை வோல்டேஜ் வந்து புகைஞ்சு போச்சு. வேற மாட்டணும் மாட்டணும்னு சொல்லிக்கிட்டே கையாலயே ஊத்திட்டு இருந்தேன்.

அண்ணி எங்க ஊட்டுக்கு வந்தது தை மாசம். ஓமலூர்ப் பக்கம் அவங்களுக்கு. லேப் டெக்னீஷியன் படிச்சவங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சேலத்துல ஒரு லேப்புல வேலை பார்த்திருக்காங்க, ரத்தம் எடுக்கறது, டெஸ்ட் பண்றது எல்லாம். ராசிபுரத்துல ஒரு லேப்புல ஆள் கேட்டாங்கன்னு தெரிஞ்சதும் போகட்டுமான்னு எங்கம்மாகிட்ட கேட்டாங்க. அண்ணன் லாரியோட ஒடிசாப் பக்கம் போனா பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் திரும்புவான். அவன் "எனக்கு ஓகே, அம்மாகிட்டக் கேட்டுக்க"ன்னு கழண்டுக்கிட்டான். அம்மா ஆமான்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. "பார்க்கலாம் சாமி"ன்னு சொன்னாங்க. எங்கம்மா "பார்க்கலாம்"னா ஆறு மாசம் பார்ப்பாங்க.

எனக்கு வைகாசிக் கடைசில இருந்து பெங்களூர்ல இன்டர்ன்ஷிப். ஆறு வாரம். தொட்டியை யாரு பார்த்துக்கறதுன்னு கேள்வி வந்துச்சு.

"என்னால ஆவாது. எனக்கு ஆயிரம் கோழி இருக்குது, உன்ற எறாலுக்கு நான் எங்க போய் நிக்கறது"ன்னாங்க அம்மா.

"நான் பார்த்துக்கறேனுங்க அத்தை"ன்னாங்க அண்ணி.

அம்மா சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. "சரி பாரு. மொதல்ல இதைப் பொறுப்பாப் பார்த்துக் காட்டு, அப்பறம் லேப்புக்கெல்லாம் போவலாம்." வெளையாட்டாத்தான் சொன்னாங்க. ஆனா அண்ணி சிரிக்கல. அவங்களுக்கு அது பரீட்சைன்னு புரிஞ்சிருச்சு. எனக்குப் புரியல. எனக்கு ஓசில ஒரு ஆள் கெடைச்சுட்டாங்கன்னு மட்டும்தான் தோணுச்சு.

கிளம்பறதுக்கு முந்தின நாள் காலைல அவங்களுக்கு டியூஷன் எடுத்தேன். கீழ் தொட்டியைக் கழுவறதுக்காக மோட்டாரை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். அப்படியே கையோட தண்ணி மட்டம் எதுன்னு காட்ட ஒரு நீல இன்சுலேஷன் டேப்பு எடுத்து கண்ணாடில ஒட்டுனேன். மோட்டார் ஓடுனா தண்ணி தளும்பும். நின்னிருந்தா ஆடாம இருக்கும், கோடு நேரா வரும். அப்ப எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுச்சு.

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டருங்க தம்பி?"ன்னு கேட்டாங்க அண்ணி. கைல பேனாவும் பேப்பரும்.

"லிட்டர்லாம் வேண்டாம் அண்ணி, ஓவரா யோசிக்காதீங்க. தண்ணி கோட்டுக்குக் கீழ போனா கோடு வரைக்கும் ஊத்துங்க. அவ்ளோதான். எல்கேஜி கொழந்தைகூட பண்ணிரும்."

"இல்ல, இப்ப மோட்டாரு ஓடலீங்களே..."ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க.

"அதை நான் போட்டுக்கறேன். நீங்க ஊத்தறதை மட்டும் பாருங்க"ன்னேன்.

பேப்பரை மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. நான் குளிக்கப் போயிட்டேன்.

பெங்களூர்ல எனக்கு ஐடி கார்டு, ஏசி, ஓசிச் சாப்பாடு. அண்ணி தெனமும் காலைல ஒரு போட்டோ அனுப்புவாங்க, தொட்டியோட படம். நான் ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவேன். நடுவுல நடுவுல வாய்ஸ் மெசேஜும் வரும். அதை ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட உட்டு கடைசிச் சில செகண்டு மட்டும் கேப்பேன். கடைசில எப்பவும் ஒரே கேள்விதான், "கோடு வரைக்கும் ஊத்தட்டுங்களா தம்பி?" ஒரே பதில்தான் நானும் போட்டேன், "ஆமா அண்ணி, கோடு வரைக்கும்."

ஆடி ஒண்ணுக்கு ஊருக்கு வந்தேன். எங்க பக்கம் அன்னைக்குத் தேங்காய் சுடற நோம்பி. தேங்காயோட கண்ணைத் தொறந்து பச்சரிசி, வெல்லம், பருப்பு, எள்ளெல்லாம் போட்டு, குச்சில சொருகி நெருப்புல வாட்டுவாங்க. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணுன்னா ஆடிக்கு அவங்க அம்மா ஊட்டுக்குப் போவணும், கூட்டிட்டுப் போவ பொண்ணு ஊட்டுல இருந்து வருவாங்க. அண்ணியோட அப்பா அன்னைக்குத்தான் வந்திருந்தாரு. வாழைத்தாரு ஒண்ணு, கடலை ஒரு மூட்டை எறக்கி வெச்சுட்டு சோபாவோட நுனில உக்காந்திருந்தாரு. சம்பந்தி ஊட்டு சோபாவுல யாரும் முழுசா உக்கார மாட்டாங்க.

நான் பேக்கைக்கூடக் கழட்டல. தொட்டியைப் பார்த்தேன்.

பவளமெல்லாம் சுருங்கிப் போய் கெடந்துச்சு. விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருந்த பெரிய பவளத்துல சதையே இல்ல, வெள்ளை எலும்பு மட்டும் நின்னுச்சு. எறாலைக் காணோம். தொட்டியோட நீல லைட்டுக்குப் போட்டோவுல எல்லாம் நீலமாத் தெரிஞ்சதால நான் கவனிக்கவே இல்ல, அதாவது பார்க்கவே இல்ல. உப்பு அளக்கற கருவியை எடுத்து ரெண்டு சொட்டு உட்டுப் பார்த்தேன். உப்பு மூணுல ஒரு பங்கு காணாமப் போயிருந்துச்சு.

உப்பு கொறையணும்னா ஒரே வழிதான், நல்ல தண்ணியை இஷ்டத்துக்கு ஊத்தியிருக்கணும். என் மூளை அங்கியே நின்னுருச்சு. மேல யோசிக்கல.

"யாரு இதைப் பார்த்துக்கிட்டது?"ன்னு கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே கேட்டேன்.

அண்ணி சமையல்கட்டுல இருந்து கையைத் தொடச்சுக்கிட்டே வந்தாங்க. "ரெண்டு வாரமாவே ஒரு மாதிரிதாங்க இருந்துச்சு தம்பி. நான் உங்களுக்கு..."

"எவ்ளோ ஊத்துனீங்க?"

"கோடு வரைக்கும்தான் ஊத்துனேன் தம்பி."

"கோடு வரைக்கும் ஊத்துனா எப்படி அண்ணி உப்பு எறங்கும்? வாளி வாளியா ஊத்தியிருக்கீங்க."

"இல்லீங்க தம்பி. கோட்டுக்கு மேல ஒரு சொட்டுகூட..."

"பொய் சொல்லாதீங்க. மெஷின் பொய் சொல்லாது. ஒரு கோட்டைப் பார்த்துத் தண்ணி ஊத்தத் தெரியாதா? இதுல நீங்க லேப்புல வேற வேலை பார்த்தீங்களாம்!"

அந்தக் கடைசி வரி. அது கோவத்துல வரல. எங்க அடிச்சா வலிக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது, அங்க அடிச்சேன்.

அம்மா தேங்காய்க் குச்சியைக் கைல புடிச்சபடி வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. அண்ணியோட அப்பா எந்திரிச்சாரு. அவருக்கு அறுவது வயசு இருக்கும். எனக்கு இருவத்தொண்ணு. துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு கையையும் கூப்புனாரு.

"தம்பி, புள்ளை தெரியாமப் பண்ணிப்போட்டுதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நான் வேணா அதே மாதிரி மீனு எங்க கெடைக்கும்னு பார்த்து வாங்கியாந்து தாரேனுங்க."

அந்த எடத்துல எவனா இருந்தாலும் "ஐயோ மாமா, கையை எறக்குங்க"ன்னு சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மீனு இல்லீங்க மாமா. கோரல்."

திருத்துனேன். கை கூப்பிக்கிட்டு நிக்கற மனுஷன்கிட்ட பவளத்தை இங்கிலீஷ்ல சொல்லித் திருத்துனேன். இப்ப ஞாபகம் வந்தாலும் ரோட்டுல நடந்துட்டு இருந்தா நின்னுடறேன்.

அண்ணி உள்ள போனாங்க. பையை எடுத்துக்கிட்டாங்க. சுட்ட தேங்காயில ஒரு துண்டை அம்மா அவங்கப்பா கைல குடுத்தாங்க, அவரு வாயில போடாம கைலயே வெச்சுக்கிட்டு வேன்ல ஏறுனாரு.

மறுநாள் அம்மா போன்ல எங்க அப்பாவோட அக்காகிட்டப் பேசிட்டு இருந்தாங்க. "ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல, இவ போய் ரத்தத்தை அளக்கறாளாம். ஆடி முடிஞ்சு வரட்டும். லேப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊட்டு வேலையைப் பழகட்டும்." நான் பக்கத்து ரூம்ல உப்பு கலக்கிட்டு இருந்தேன். காதுல உழுந்துச்சு. சரியாத்தான சொல்றாங்கன்னு நெனைச்சேன்.

அன்னைக்கு நானே புதுத் தண்ணி மாத்தி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன். கீழ் தொட்டில எவ்வளவு தண்ணி இருக்கணும்னு எனக்குக் கண்ணளவு தெரியும், டேப்பைப் பார்க்கவே வேண்டியதில்ல. மோட்டாரை ஓட உட்டு என் கண்ணளவுக்கு நிரப்பிட்டேன்.

மூணாவது நாள் மத்தியானம். ஆடிக் காத்துன்னா எங்க பக்கம் கேக்கணுமா, தகரத்தையெல்லாம் தூக்கிட்டுப் போவும். டப்புனு கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல ஃபேனும் டிவியும்தான் ஓடும், தொட்டி மோட்டார் அதுல இல்ல. மோட்டார் நின்னதும் மேல இருந்த தண்ணி பைப்பு வழியா கொளகொளன்னு கீழ எறங்க ஆரம்பிச்சுது. கப்போர்டைத் தொறந்து குனிஞ்சு பார்த்தேன். கீழ் தொட்டில மட்டம் ஏறுது. ஏறுது. ஏறி ஒரு எடத்துல நின்னுச்சு.

நீல டேப்பு மேல. கரெக்டா.

டேப்பையே பார்த்துக்கிட்டு குந்தியிருந்தேன். அப்பறம் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுச்சு. நான் கோடு போட்டது மோட்டார் நின்னிருந்தப்ப. அது தண்ணியெல்லாம் கீழ எறங்கி நிக்கற மட்டம். மோட்டார் ஓடறப்ப தண்ணி அதுக்கு நாலு விரக்கடை கீழ இருக்கணும். அண்ணி பார்க்கறது தெனமும் மோட்டார் ஓடறப்ப. கோட்டுக்குக் கீழ இருக்குதேன்னு நல்ல தண்ணியைக் கோடு வரைக்கும் ஊத்தியிருக்காங்க, நான் சொன்னபடியே. அதுக்கப்பறம் கரண்ட் போனா மேல் தண்ணி எறங்கும், கீழ எடம் இருக்காது, உப்புத் தண்ணி தரையில வழியும். கரண்ட் வந்து மோட்டார் ஓடுனா மட்டம் மறுபடியும் கோட்டுக்குக் கீழ போவும். மறுபடியும் நல்ல தண்ணி, கோடு வரைக்கும். ஒவ்வொரு தடவ காத்து அடிச்சுக் கரண்ட் போனப்பவும் உப்பு வெளிய போயிருக்கு, நல்ல தண்ணி உள்ள வந்திருக்கு.

போனை எடுத்து அவங்க வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் மொத தடவையா நார்மல் ஸ்பீடுல கேட்டேன்.

"தம்பி, காத்துக்குக் கரண்ட் போயிருச்சுங்க. கீழ் தொட்டி தளும்பி ஹால் பூரா தண்ணி. நான் தொடச்சுட்டேன், அத்தைகிட்டச் சொல்லல. இப்ப கரண்ட் வந்திருச்சு, ஆனா தண்ணி கோட்டுக்கு ரொம்பக் கீழ நிக்குதுங்க. வழிஞ்சது உப்புத் தண்ணியாச்சே, அதுக்கு நல்ல தண்ணி ஊத்தலாமுங்களா? உப்பு கொறையாதுங்களா? இல்ல, கோடு வரைக்கும் ஊத்தட்டுங்களா தம்பி?"

கேட்டிருக்காங்க. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவங்க கேட்டிருக்காங்க. அதுக்குக் கீழ என் பதில், தம்ஸ் அப்போட.

உடனே போன் பண்ணியிருப்பேன்னு நீங்க நெனைச்சா ரொம்ப நல்லவங்க நீங்க. நான் பண்ணல. மொதல்ல அந்த டேப்பைப் பிச்சு எறிஞ்சேன். யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி. அஞ்சு நாள் வாயே தொறக்கல. நடுவுல ஒரு தடவ அம்மா சீரியல் பார்த்துட்டு இருக்கறப்ப, "அம்மா, அந்த டேப்பு நான் கொஞ்சம் மேல ஒட்டிட்டேன் போல"ன்னு முணுமுணுத்தேன். "அதுக்கு? அவளும் கொஞ்சம் யோசிச்சிருக்கோணுமில்ல"ன்னாங்க, கண்ணை டிவில இருந்து எடுக்காம. நான் அப்பாடான்னு எந்திரிச்சுப் போயிட்டேன். சொல்லிட்டேன்னு கணக்கு காட்டிக்கலாமில்ல.

அஞ்சாவது நாள் அண்ணிக்கு வாட்ஸ்அப்ல போட்டேன். "அண்ணி சாரி. மிஸ்டேக் என் சைடு. மோட்டார் ஆஃப்ல டேப் ஒட்டிட்டேன். ரியலி சாரி." கூட ஒரு பூனை அழுவற ஸ்டிக்கர். எவன்டா பூனை ஸ்டிக்கர் போடுவான் இதுக்கு.

ரெண்டு டிக்கும் நீலமாச்சு. கொஞ்ச நேரத்துல அவங்களே கூப்பிட்டாங்க.

"தம்பி, கத்துனது எங்கப்பா முன்னாடிங்க. சாரி மட்டும் வாட்ஸ்அப்புல வருதுங்களா?"

குரல்ல கோவமே இல்ல. அந்த 'ங்க' கூட மாறல. அதான் தாங்க முடியல.

"இல்லண்ணி, நான்..."

"அத்தைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். சொன்ன மாதிரிதான்..."

"சொன்ன மாதிரின்னா?"

நான் போனை அடுத்த காதுக்கு மாத்துனேன்.

"நேத்து ராசிபுரத்துல இருந்து போன் வந்துச்சுங்க. வாரேன் வரலைன்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம். அத்தைகிட்டக் கேட்டேன். தொட்டியை ஒழுங்காப் பார்த்துக்கிட்ட லட்சணம் தெரியுமேன்னாங்க. நான் என்னங்க தம்பி சொல்றது? நான் சொன்னாத்தான் பொய்யாச்சே."

வெச்சுட்டாங்க.

ஹாலுக்கு வந்தேன். காலைப் பதினோரு மணி இருக்கும். அம்மா கீழ உக்காந்து அவரைக்காய் ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. அண்ணன் ட்ரிப் முடிச்சு அன்னைக்குத்தான் வந்திருந்தான், டீ கிளாஸோட சோபாவுல சாஞ்சிருந்தான். அண்ணியோட அப்பா நம்பருக்குப் போட்டு ஸ்பீக்கர் ஆன் பண்ணி டீபாய் மேல வெச்சேன்.

"யாருக்குடா?"ன்னான் அண்ணன்.

"கம்முனு இரு."

"சொல்லுங்க தம்பி"ன்னு குரல் வந்துச்சு. பின்னாடி எங்கியோ மாடு கத்துச்சு. "என்னங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மாவும் அண்ணனும் இருக்காங்க. அன்னைக்கு நான் அண்ணியைத் திட்டுனேன்ல, பொய் சொல்றாங்கன்னு. அவங்க பொய் சொல்லலீங்க மாமா. நான்தான் கோட்டைத் தப்பா போட்டுட்டுப் போனேன். அவங்க நான் சொன்னதை அப்படியே செஞ்சாங்க. தப்பாப் போவுதுன்னு எனக்கு மெசேஜும் போட்டாங்க. நான் கேக்கல."

அம்மா கை நின்னுச்சு. கட்டாயிருச்சோன்னு குனிஞ்சு பார்த்தேன்.

"கோட்டை எப்படிங்க தம்பி தப்பாப் போட்டீங்க?"ன்னாரு. கேலியா இல்ல. நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாரு.

சொன்னேன். கீழ் தொட்டி, மேல் தொட்டி, மோட்டாரு. திக்கித் திக்கித்தான் சொன்னேன். பாதி சொல்றதுக்குள்ள அவரு, "கெணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு இல்லாட்டி எப்படியோ அப்படிங்களா? நிறுத்துனதும் பைப்புல இருக்கற தண்ணியெல்லாம் திரும்பக் கெணத்துக்கே எறங்கிருமே"ன்னாரு.

"ஆமாங்க மாமா. அதேதான்."

"அப்ப மோட்டாரை நிறுத்திப்போட்டுக் கோடு போட்டா தப்பாத்தானுங்க வரும்."

நாலு வருஷ இன்ஜினியரிங். அந்த மனுஷனுக்கு அரை நிமிஷம் ஆச்சு. அண்ணன் டீ கிளாஸுக்குள்ள சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

"அப்ப எம்பொண்ணு சரியாத்தான் ஊத்தியிருக்குதுங்களா?"ன்னாரு.

"சரியாத்தான் மாமா."

"இன்னொருக்கா சொல்லுங்க தம்பி. அவுங்கம்மா வாரா, அவளும் கேக்கட்டும்."

இன்னொருக்கா சொன்னேன். சத்தமா. "அண்ணி சரியாத்தான் ஊத்துனாங்க. தப்பு என்னுது. என்னை மன்னிச்சிருங்க."

அவரு போனை எங்கியோ வெச்சுட்டாரு போல, கட் பண்ணத் தெரியாம. தூரத்துல அவரு அண்ணிகிட்டக் கேக்கறது காதுல உழுந்துச்சு.

"ஏம்மணி, அன்னைக்கு வேன்ல ஓமலூர் வரைக்கும் உன்னை வைதுக்கிட்டே வந்தனே. அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன்ப்பா."

"எப்பச் சொன்ன?"

"புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள ஒருக்காச் சொன்னேன். மல்லூர்ல ஒருக்காச் சொன்னேன். படிச்ச பையன் சொல்றது தப்பா இருக்குமான்னீங்க. அப்பறம் சொல்லல."

நான் போனை எடுக்கக் கை நீட்டுனேன். கட் பண்ணிடலாம்னுதான். எனக்கு முன்னாடி அம்மா எடுத்துட்டாங்க. அவரைக்காய் நாரு கைல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஸ்பீக்கரை எப்படி நிறுத்தறதுன்னு அவங்களுக்கும் தெரியாது, அதனால எல்லாரும் கேட்டோம்.

"அண்ணா... ஏனுங்கண்ணா... அம்மணிகிட்டக் குடுங்க." கொஞ்சம் பொறுத்து, "சாமி, நான்தான். அந்த லேப்புக்காரங்களுக்கு வாரேன்னு சொல்லிப்போடு. இன்னைக்கே சொல்லு."

அந்தப் பக்கம் அண்ணி, "சரிங்க அத்தை"ன்னாங்க. தேங்க்ஸ்லாம் இல்ல. என்னைப் பத்தி எதுவும் கேக்கல.

அம்மா போனை என் கைல குடுத்தாங்க. "நீ பண்ணுன வேலைக்கு நானும் சேர்ந்து வாயைக் குடுத்திருக்கேன் பாரு"ன்னுட்டு திரும்ப அவரைக்காய் ஆய உக்காந்துட்டாங்க.

ஆடி முடிஞ்சு அண்ணி வந்து, அடுத்த வாரமே ராசிபுரம் போக ஆரம்பிச்சுட்டாங்க. என்கூட நல்லாத்தான் பேசறாங்க. சோறு போடறப்ப "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க தம்பி"ன்னு சொல்றாங்க. பழசை எடுக்கறதே இல்ல. போன வாரம் நான் புது மெஷின் ஒண்ணு மாட்டி, மட்டம் சரியா இருக்குதான்னு ஒரு தடவ பார்த்துச் சொல்றீங்களான்னு கேட்டேன். எனக்கு அளவு சரியாத் தெரியும், சும்மா அவங்களைக் கேக்கணும்னுதான் கேட்டேன். தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காம செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாங்க.

"நேரமில்லீங்க தம்பி. பஸ்ஸு போயிரும்."